நாடிழந்தவர்கள் கொண்டு வந்த சீர்

கல்யாணமான புதிதில், 1974-ல், நான் பம்பாய்க்குக் குடித்தனம் போனேன். மாதுங்காவில் ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான் வீடு. திருநெல்வேலிப் பக்கம் முற்றமும் தொழுவமுமாக வளர்ந்தவளுக்கு மூச்சு முட்டியது. பாஷை தெரியாது. அக்கம்பக்கத்தில் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆனால் அம்மா இல்லையே!

விடிவதற்கு முன் பால் பூத் வரிசையில் நின்று பாலை வாங்கி வருவேன். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு ரேடியோவைத் திருப்புவேன். முதலில் ஒரு இரைச்சல். பிறகு வருமே அந்த ஓசை! தம்பூரா மாதிரி அடியில் ஒரு ரீங்காரம், அதன் மேல் ஒரு வயலின், பறவை ஒன்று வட்டமிட்டு எழும்புவது போல. ஆகாசவாணியின் அடையாள இசை. அழுகிற மாதிரியும் இருக்கும், ஆறுதல் சொல்கிற மாதிரியும் இருக்கும். 'இதே நேரத்தில் ஊரில் அம்மாவும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்' என்று நினைப்பேன். கண்ணீர் வரும். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு டிக்காஷன் இறக்குவேன். உங்களில் அந்தக் காலத்தவர்கள் எல்லோருக்கும் இந்த இசையோடு ஒரு கதை இருக்கும் அல்லவா?

போன வருஷம் சென்னையில் என் மகள் வீட்டில் இருந்தேன். மாப்பிள்ளை செல்போனில் எதையோ தேடப்போய், "அத்தை, இது ஞாபகம் இருக்கா?" என்று அதே இசையைப் போட்டார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது செல்போனை அல்ல, என் பேரனை. ஒன்பது வயது. பேச்சு திருத்தமாக வராத பிள்ளை. தரையில் உட்கார்ந்திருந்தவன் மெள்ள எழுந்தான். இரண்டு கைகளையும் தூக்கி, அந்த வயலின் போகிற போக்கிலேயே அசைத்தான். இசை நின்றதும் "இன்னும்" என்றான்.

அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்று மகள் கேட்டாள்: "இதை யாரும்மா போட்டது? நம்ம ஊர் வித்வான் யாராவதா?" நானும் அப்படித்தான் நாற்பது, ஐம்பது வருஷமாக நினைத்திருந்தேன். தேடிப் படித்தபோது திகைத்துப் போனேன். அதற்கு இசை அமைத்தவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் வால்டர் காஃப்மன். செக் நாட்டில் பிறந்த யூதர். பிழைக்க வழி தேடிக் கப்பலேறி பம்பாய் வந்தவர்!

ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் புடவையே வருகிற மாதிரி, அவரைப் பற்றிப் படிக்கப் போய், அவரைப் போலவே வந்த பலர் கதையும் வந்தது. சகோதரிகளோடு அதைப் பகிர்ந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

வெறுங்கையோடு வந்தவர்கள்

புது மருமகள் வீட்டுப்படி ஏறியதும் நம் பக்கத்தில் முதலில் கேட்பது என்ன? "என்ன சீர் கொண்டு வந்தா?" இவர்களிடம் அப்படிக் கேட்டிருந்தால், பெட்டியைத் திறந்து காட்ட அதிகம் ஒன்றும் இருந்திருக்காது.

1933 ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்களுக்கு உத்தியோகம் போயிற்று, மேடை போயிற்று, பள்ளிக்கூடம் போயிற்று. புதுமுறையில் படம் வரைந்தவர்களின் ஓவியங்களை 'சீரழிந்த கலை' என்று பெயர் சூட்டி, 1937-ல் கேலி செய்வதற்கென்றே கண்காட்சி வைத்தார்கள். 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவும் ஹிட்லர் கைக்குப் போயிற்று. வியன்னா நகரத்தில் நேற்று வரை நடனப் பள்ளி நடத்தியவரும், வகுப்பில் ஓவியம் சொல்லிக் கொடுத்தவரும் இன்று எந்த நாடு விசா தரும் என்று அலைந்தார்கள்.

இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் நிறையப் பேர். அவர்களைப் பற்றி உலகமே பேசுகிறது. நம் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கிய சிலரைப் பற்றி நமக்கே அவ்வளவாகத் தெரியாது.

இங்கேயும் அவர்களுக்குப் பட்டுமெத்தை விரித்திருக்கவில்லை. நாம் அப்போது வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்தோம். 1939-ல் போர் மூண்டதும் ஜெர்மானியர், ஆஸ்திரியர் எல்லோரும் 'எதிரி நாட்டவர்' ஆனார்கள். ஹிட்லருக்குப் பயந்து ஓடி வந்தவர்களைக்கூட, ஹிட்லரின் ஆட்களோடு சேர்த்துப் பிடித்து முகாமில் அடைத்த கொடுமை நடந்தது. விசாரித்து, பிறகுதான் பலரை வெளியே விட்டார்கள்.

"குறை என் காதில்தான்"

காஃப்மன் 1907-ல் கார்ல்ஸ்பாட் என்ற ஊரில் பிறந்தவர். 1934-ல் பம்பாய் வந்தபோது வயது இருபத்தாறு. அதற்குள் மேல்நாட்டு சங்கீதத்தில் கரைகண்டவர். அப்படிப்பட்டவர் நம் இசைத்தட்டுகளை முதன்முதலில் கேட்டபோது ஒன்றுமே பிடிபடவில்லையாம். அந்நியமாக, புரியாததாக இருந்ததாம்.

அந்த இடத்தில் வேறு ஒருவராக இருந்தால், "இதெல்லாம் ஒரு சங்கீதமா!" என்று கதவைச் சாத்தியிருப்பார். இவர் யோசித்த விதம்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. இத்தனை பேர் மனசாரக் கேட்டு மகிழும் இசையில் குறை இருக்க முடியாது. குறை என் பக்கம்தான் இருக்க வேண்டும். அது பிறந்த இடத்துக்கே போய்க் கற்றுக்கொள்வதுதான் முறை என்று நினைத்தாராம்!

மருமகள் வைத்த குழம்பு வேறு ருசியாக இருந்தால், "எங்க வீட்டு வழக்கம் இது இல்லையே" என்று முகம் சுளிக்கிற நாம் எங்கே, இந்த மனுஷர் எங்கே!

பம்பாயில் ஒரு சிற்றிசைக் குழுவை அவர் தொடங்கினார். அதில் வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்ற பார்சி இளைஞர். பிற்காலத்தில் உலகமெங்கும் பெரிய பெரிய வாத்தியக் குழுக்களை நடத்திப் புகழ்பெற்ற ஜூபின் மேத்தாவின் தந்தை. காஃப்மன் பிறகு பம்பாய் வானொலியில் மேல்நாட்டு இசைப் பிரிவுக்குப் பொறுப்பேற்றார். 1936-ல் உருவானது அந்த அடையாள இசை. சிவரஞ்சனி ராகத்தின் சாயல் அதில் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த வயலினும் மெஹ்லி மேத்தாவுடையதுதானாம்.

அந்த வீட்டின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காஃப்மனின் முதல் மனைவி கெர்ட்டி, பிராக் நகரத்து எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் தங்கை மகள். காஃப்காவின் மூன்று தங்கைகளுமே நாஜிகள் கையில் மாண்டார்கள். கெர்ட்டியின் தாயும் அதில் ஒருத்தி. மாதுங்கா சமையல்கட்டில் அந்த இசையைக் கேட்டு நான் அம்மாவை நினைத்து அழுதேனே, அதைப் போட்டவரின் வீட்டிலேயே ஒரு மகள் தாய்க்காக ஏங்கியிருப்பாள். எனக்காவது தீபாவளிக்கு ரயிலேறினால் அம்மா இருந்தாள்.

1946-ல் காஃப்மன் இந்தியாவை விட்டுப் போனார். லண்டன், கனடா என்று சுற்றி, கடைசியில் அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். போகிற போக்கில் நம்மை மறந்துவிடவில்லை. 1968-ல் வட இந்திய ராகங்களைப் பற்றி ஒரு பெரிய நூல், 1976-ல் தென்னிந்திய ராகங்களைப் பற்றி இன்னொன்று எழுதினார். ஆமாம், நம்முடைய ராகங்கள்! புரியவில்லை என்ற இடத்தில் ஆரம்பித்த மனுஷர், உலகத்துக்கே எடுத்துச் சொல்கிற அளவுக்குப் படித்துவிட்டார். 1984-ல் காலமானார்.

ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்த வீடு

வியன்னாவில் ஓவிய ஆசிரியராக இருந்தவர் வால்டர் லாங்ஹாமர். அவர் மனைவி கேத்தே யூதப் பெண். மனைவியை விட்டுவிட்டு அவர் மட்டும் அங்கே சௌக்கியமாக இருந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இருவரும் 1938-ல் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நிறுவனத்தில் அவருக்குக் கலை இயக்குநர் வேலை கிடைத்தது.

நேப்பியன் சீ சாலையில் இருந்த அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறந்தே இருக்கும். இளம் ஓவியர்கள் தாங்கள் வரைந்ததை எடுத்துக்கொண்டு வருவார்கள். ஐரோப்பியப் பெரிய ஓவியர்களின் படங்கள் அச்சான புத்தகங்களை லாங்ஹாமர் பிரித்துக் காட்டுவார். வண்ணத்தை எப்படிச் சேர்ப்பது, ஒரு படத்தை எப்படிக் கட்டி நிறுத்துவது என்று பேசுவார். தன் ஸ்டூடியோவிலேயே வரைந்துகொள்ள ரஸாவுக்கு இடம் கொடுத்தார்.

வந்து போன பையன்கள் யார் யார் தெரியுமா? எம். எஃப். ஹுசேன், அப்போது சினிமா பேனர் எழுதியும், குழந்தைகளுக்கான மரச்சாமானும் பொம்மையும் வடிவமைத்தும் வயிறு வளர்த்தவர். எஸ். எச். ரஸா, அச்சு பிளாக் செய்யும் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர். கே. எச். ஆரா, சின்ன வயதிலேயே வீட்டை விட்டு பம்பாய்க்கு ஓடி வந்து, வீட்டு வேலை செய்து, கார் துடைத்துப் பிழைத்தவர்!

ஆராவின் படத்தைப் பார்த்து, "இவனிடம் விஷயம் இருக்கிறது" என்று தட்டிக்கொடுத்தவர் ருடால்ஃப் வான் லைடன். பெர்லினிலிருந்து 1933-லேயே வந்துவிட்டவர். படித்தது மண்ணியல், எழுதியது கலை விமர்சனம். இவர் பத்திரிகையில் எழுதியதால்தான் இந்தப் பையன்களின் பெயர் நாலு பேருக்குத் தெரிந்தது. மூன்றாமவர் இமானுவல் ஷ்லெசிங்கர். வியன்னாக்காரர், பம்பாயில் மருந்துத் தொழில் நடத்தினார். யாரும் சீந்தாத அந்தக் காலத்தில் இவர்களுடைய படங்களைக் காசு கொடுத்து வாங்கினார். பாராட்டினால் மனம் நிறையும், வாங்கினால்தானே வயிறு நிறையும்?

ஒருவர் சொல்லிக் கொடுத்தார், ஒருவர் எழுதினார், ஒருவர் வாங்கினார். வீடு கட்டினால் கொத்தனார், தச்சர், பணம் போடுகிறவர் மூவரும் வேண்டுமே, அந்த மாதிரி.

நாடு சுதந்திரம் அடைந்த அதே 1947-ல், சூசா, ரஸா, ஆரா, ஹுசேன், காடே, பாக்ரே என்ற ஆறு பேர் சேர்ந்து 'முற்போக்கு ஓவியர் குழு'வைத் தொடங்கினார்கள். 1949-ல் பம்பாயில் கண்காட்சி வைத்தார்கள். இன்று இந்தியாவின் நவீன ஓவியம் என்று பேச்செடுத்தால் முதலில் வருவது இவர்கள் பெயர்தான்.

அதற்காக, வெள்ளைக்காரர்கள் வந்துதான் நமக்குக் கலை கற்றுக்கொடுத்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோயில் சிலையும் ஓவியமும் நமக்குப் புதிதா? அந்த ஆறு பேரிடமும் திறமை ஏற்கெனவே இருந்தது. தைரியமும் இருந்தது. வந்தவர்கள் செய்தது, பார்க்கும் கண்ணாக இருந்ததுதான். ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பழைய வீடுகளில் 'கஞ்சிஃபா' என்ற வட்டச் சீட்டுகள் இருந்தன. தசாவதாரமெல்லாம் கையால் வரைந்திருக்கும். வழக்கொழிந்து பரணுக்குப் போய்விட்ட சீட்டு. வான் லைடன் அவற்றைத் தேடித் தேடிச் சேகரித்து, அதைப் பற்றி நூலே எழுதினார். நம் பரணில் கிடந்த அழகை நமக்கு எடுத்துக் காட்டியவர் பெர்லின்காரர்.

மதராஸ் வீட்டு மருமகள்

இப்போது சொல்லப்போகும் பெண்மணியைப் பற்றிப் படித்தபோது ஒரு நாள் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. மக்டா நாக்மன். 1889-ல் ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். ஓவியம் கற்றது லியோன் பாக்ஸ்ட் என்ற பெயர் பெற்ற ஓவியரிடம். 1913-ல் கவிஞர் மரினா ஸ்வெட்டாயெவாவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். பின்னால் பெர்லினில் எழுத்தாளர் விளாதிமிர் நபோகோவையும் வரைந்தார். இரண்டு பேருமே ரஷ்ய இலக்கியத்தில் பெரிய பெயர்கள்.

இவர் கைப்பிடித்தது யாரைத் தெரியுமா? நம் மதராஸில் 1887-ல் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியாவை! மண்டயம் ஐயங்கார் குடும்பத்துப் பிள்ளை. பாண்டிச்சேரியிலிருந்து பாரதியார் நடத்திய 'இந்தியா' பத்திரிகைக்குத் துணை நின்றவர். வெள்ளைக்காரப் போலீஸ் தேடியதால் ஐரோப்பாவுக்குப் போய், விடுதலைக்காக நாடு நாடாக அலைந்தவர். ரஷ்யப் புரட்சிக்குப் பின் மாஸ்கோவில் இருவரும் சந்தித்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு 1922-ல் பெர்லின் போனார்கள். அங்கே வறுமை. பிறகு ஹிட்லர். 1930-களின் நடுவில்தான் ஆச்சாரியாவுக்குத் தாயகம் திரும்ப வழி பிறந்தது. இருவரும் பம்பாயில் குடியேறினார்கள்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நாடு கடந்து அலைந்தவர் கணவர். அவர் வீடு திரும்பிய நாளில் நாடு கடந்தவளாக ஆனாள் மனைவி. ஒருவருக்கு ஊர் கிடைக்கிற போது இன்னொருவருக்கு ஊர் போகிறது. கல்யாணமாகிப் போகிற நம் பெண்கள் எல்லோருக்கும் இது கொஞ்சமாவது தெரிந்த வலிதானே?

மக்டா முடங்கி உட்காரவில்லை. பம்பாயில் பார்த்த மனிதர்களை வரைந்தார். குழந்தைகள், உழைக்கும் பெண்கள், நாட்டியக்காரர்கள். கண்காட்சிகளில் வைத்தார். நடன நிகழ்ச்சிகளுக்கு உடை வடிவமைத்தார். இருவர் ஜீவனத்துக்கும் அவர் தூரிகை பெரிய துணை.

1951 பிப்ரவரி 12-ஆம் தேதி. பம்பாயில் அவருடைய ஓவியங்களுக்கென்றே தனிக் கண்காட்சி. படங்களெல்லாம் மாட்டியாகிவிட்டது. திறப்பு விழாவுக்குச் சில மணி நேரமே இருக்கும்போது மக்டா காலமாகிவிட்டார்.

மூன்று வருஷம் கழித்து, 1954-ல், ஆச்சாரியாவும் ஏழ்மையில் கண்ணை மூடினார். மக்டா வரைந்த படங்களில் பல எங்கே போயின என்றே தெரியவில்லை. நம் ஊர் மருமகள், அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? இதைப் படித்த பிறகாவது ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹில்டேயின் கைகள்

மக்டா வரைந்த நாட்டியக்காரர்களில் ஒருவர் ஹில்டே ஹோல்கர். இவர் கதைக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

1905-ல் வியன்னாவில் பிறந்தவர். இருபத்தோராவது வயதில் சொந்தமாக நடனப் பள்ளி தொடங்கிவிட்டார். நுனிக்கால் செருப்பு மாட்டிக்கொண்டு ஆடுகிற பாலே அல்ல இவருடையது. மனதில் இருப்பதை உடம்பு முழுவதாலும் சொல்கிற புதுவகை ஆட்டம். ஹிட்லர் ஆட்சியில் பள்ளி போயிற்று. 1939-ல் தப்பி பம்பாய் வந்தார். அங்கேயே தங்கிவிட்ட அவர் தாயாரும் நெருங்கிய உறவினர் பலரும் நாஜிகளால் கொல்லப்பட்டார்கள்.

பம்பாயில் 1940-ல் ஒரு பார்சி ஹோமியோபதி டாக்டரை மணந்துகொண்டார். அடுத்த வருஷமே மறுபடி நடனப் பள்ளி! எந்த ஜாதி, எந்த மதம், எந்த நிறம் என்று பார்க்காமல் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார். இனத்தின் பெயரால் விரட்டப்பட்டவர் அல்லவா! பெயர் பெற்ற நாட்டியக் கலைஞர் ராம் கோபால் அவருக்கு நண்பர், அந்தப் பள்ளியில் ஆடியும் இருக்கிறார். நம் நாட்டியத்தின் முத்திரைகளைப் பார்த்து ஹில்டே அதிசயித்தார். விரலை மடக்கினால் மான், விரித்தால் தாமரை, இரண்டு கையைக் கோத்தால் பறவை. அந்தக் கை அசைவுகளைத் தன் ஆட்டத்திலும் சேர்த்துக்கொண்டார். ஒரு மகளும் பிறந்தாள்.

1948-ல் குடும்பத்தோடு லண்டனுக்குப் போனார்கள். இரண்டாவது முறையாக வீடு மாற்றம். அடுத்த வருஷம் மகன் பிறந்தான். 'டவுன் சிண்ட்ரோம்' உள்ள குழந்தை.

அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளை மேல்நாடுகளில் விடுதிகளில் கொண்டுபோய் விட்டுவிடுவது சர்வசாதாரணம். ஹில்டே என்ன செய்தார் தெரியுமா? தன் கையில் இருந்த ஒரே சொத்தை, நடனத்தை, மகனுக்குக் கொடுத்தார். சொல்லிப் புரியாததை அசைவால் புரியவைத்தார். பிறகு அவனைப் போன்ற மற்றவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1968-ல் லண்டனின் புகழ்பெற்ற நாட்டிய அரங்கமான சாட்லர்ஸ் வெல்ஸில், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஊர் ஒதுக்கிய இளைஞர்களை மேடையேற்றினார். 'ஒளியை நோக்கி' என்பது நிகழ்ச்சியின் பெயர். அவர்களால் எதுவும் முடியாது என்றிருந்த எண்ணத்தைத் தகர்த்த முதல் சில முயற்சிகளில் அது ஒன்று. அவருடைய மாணவர் வுல்ஃப்காங் ஸ்டாங்கே 1980-ல் 'அமிச்சி' என்ற நடனக் குழுவைத் தொடங்கினார். குறையுள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே மேடையில் சேர்ந்து ஆடுகிற குழு.

ஹில்டே 2001-ல், தொண்ணூற்றைந்தாவது வயதில் காலமானார். வியன்னாவில் கற்றதும், பம்பாயில் கண்டதும், லண்டனில் ஒரு தாயாகப் பட்டதும் சேர்ந்துதான் அந்த மேடை அமைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

என் பேரன்

என் பேரனுக்கும் டவுன் சிண்ட்ரோம்தான். இதுவரை எந்தப் பத்திரிகையிலும் இதை நான் எழுதியதில்லை. பக்கத்து வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. கிளம்பும்போது மகளிடம் சொன்னேன்: "அவனைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாயேன்டி. மாசமா இருக்கிற பொண்ணு, நாலு பேர் ஏதாவது சொல்லுவாங்க." மகள் ஒன்றும் சொல்லவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு வந்து, "நீங்க போயிட்டு வாங்கம்மா" என்றாள். அன்று அவள் பார்த்த பார்வை இன்னும் என்னைக் குத்துகிறது. பெற்ற பேரனையே நாடு கடத்தியவள் நான்.

தெரியாமல் இருக்கும் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். டவுன் சிண்ட்ரோம் தொற்றுநோய் அல்ல. நம் உடம்பின் செல்லில் 46 குரோமோசோம்கள் இருக்கும். இந்தக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் 21-வது ஜோடியில் ஒன்று கூடி 47 இருக்கும். தாய் எதையோ சாப்பிட்டதாலோ, கிரகணத்தில் வெளியே வந்ததாலோ வருவதல்ல. தசைகள் தளர்ந்திருப்பதால் தலை நிற்பதும் உட்காருவதும் நடப்பதும் தாமதமாகும். அதனால் பிறந்த சில வாரங்களிலேயே டாக்டர் யோசனைப்படி உடற்பயிற்சி ஆரம்பிப்பது நல்லது. ஏறக்குறையப் பாதிக் குழந்தைகளுக்கு இதயத்தில் குறை இருக்கக்கூடும். எக்கோ பரிசோதனை அவசியம். காது, கண், தைராய்டு இவற்றையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். மற்றபடி, எல்லாக் குழந்தைக்கும் வேண்டியதுதான் இவர்களுக்கும் வேண்டும். நாலு பேர் நடுவில் ஓர் இடம்.

ஹில்டே கதையை மகளுக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் குரல் அடைத்தது. "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா" என்றேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அடுத்த விசேஷத்துக்கு நீங்களே அவனைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

தை மாதம் ஒரு கல்யாணம் வந்தது. கூட்டிக்கொண்டு போனேன். நாதஸ்வரம் ஆரம்பித்ததும் பேரன் என் கையை உதறிவிட்டு மேடைக்கு முன்னால் போய் நின்றுகொண்டான். என் வயிற்றில் புளியைக் கரைத்தது. இரண்டு கையையும் தூக்கினான், ஆடினான். சிலர் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் குசுகுசுத்தார்கள். தவில்காரர் மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்து, அவன் கை போகிற போக்குக்கு ஒரு தட்டு கூடப் போட்டார். அது போதும் எனக்கு.

வீடு, வாசல், பாஷை, பெற்றவர்கள் எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தவர்கள், ஒரு ரேடியோ இசையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டை, சில ஓவியங்களை, ஒரு நடன வகுப்பை நமக்குத் தந்தார்கள். புதிதாகப் பிறந்த ஒரு தேசத்துக்கு அது தாய்வீட்டுச் சீர் மாதிரி. அவர்களும் நம்மிடமிருந்து ராகத்தையும் முத்திரையையும் எடுத்துப் போனார்கள். வந்தவர் தன் அருமையை விடவில்லை. இருந்தவர் கதவைச் சாத்தவில்லை. அங்கேதான் புதிதாக ஒன்று முளைக்கிறது.

உங்கள் தெருவுக்கும் பாஷை தெரியாத ஒரு குடும்பம் குடிவந்திருக்கலாம். உங்கள் வீட்டுக்கும் வேறு ஊர்ப் பழக்கத்தோடு ஒரு மருமகள் வந்திருக்கலாம். என் பேரனைப் போல ஒரு பிள்ளை மாடி ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் என்ன கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பெட்டியைத் திறந்து பார்க்காதீர்கள். கொஞ்சம் உட்காரச் சொல்லி, ஒரு டம்ளர் காபி கொடுத்துப் பாருங்கள். கையில் இருப்பதை அவர்களாகவே காட்டுவார்கள்.